சென்டரை அடுத்த பருவத்துக்கும் வைத்திருப்பதா, விடுவதா?

பருவம் முடிந்ததும் கூடும் கழகக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு பத்து நிமிடத்தில் நிறைவேறிவிடும். அணியின் நெட்டை ஆட்டக்காரரை, அதாவது சென்டரை, வருகிற வருஷத்துக்கும் பதிவு செய்வதா என்ற பேச்சு எழுந்தால் கூட்டம் இருட்டும்வரை நீளும். ஒருவர் அரையிறுதியில் அவர் தட்டிவிட்ட பந்தைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர் இறுதியாட்டத்தில் அவர் நாலு ஃப்ரீ த்ரோவை வீணாக்கியதைச் சொல்வார். இரண்டுமே உண்மையாக இருக்கும், இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது. அந்தப் பேச்சை எப்படி நடத்துவது, அதற்கு முன்பே என்னென்ன எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

சப்ரகமுவாவில் கூடைப்பந்து நகரத்து ஆட்டம். இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலைப் பக்கத்துப் பெரிய பாடசாலைகளில் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டு வந்து கழகங்களில் ஆடுகிறார்கள். தோட்டத்து மைதானத்தில் நிரந்தரமாக இருப்பது கைப்பந்து வலையும், பெண்பிள்ளைகளின் வலைப்பந்துக் கம்பங்களும்தான். ஆகவே இங்கே கூடைப்பந்து சென்டரைப் பற்றிச் சொல்வதை வலைப்பந்தில் கோல் சூட்டருக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். வலைப்பந்தில் 'சி' பட்டை கட்டி மைதானம் முழுக்க ஓடுகிறவருடைய வேலை வேறு.

டலஸ் கொடுத்த காசோலையும் கொடுக்காத காசோலையும்

இந்தக் கேள்விக்கு உலகம் நன்றாக அறிந்த கதை அமெரிக்காவின் டலஸ் மேவரிக்ஸ் அணியுடையது. நம்முடைய கழகத்தின் கையிருப்புக்கும் அவர்களுடைய கோடிகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் தவறு நடக்கும் வழி ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2010 ஜூலையில் டலஸ் தன்னிடமிருந்த சென்டர் பிரெண்டன் ஹேவுட்டை ஆறு வருஷத்துக்கு, சுமார் 55 மில்லியன் டொலருக்கு மீண்டும் ஒப்பந்தம் செய்தது. அதே மாதத்திலேயே ஒரு பரிமாற்றத்தில் டைசன் சான்ட்லர் வந்து சேர்ந்தார். உபாதைகளோடு அலைந்துகொண்டிருந்தவர், ஒப்பந்தத்தில் ஒரு வருஷமே மிச்சம். வந்தவர் ஆரம்ப ஐவரில் இடம் பிடித்தார், ஹேவுட் மாற்று ஆட்டக்காரரானார். சான்ட்லர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளிதான் எடுத்தார். ஆனால் வளையத்துக்குக் கீழே எதிரணி நிம்மதியாக நிற்க முடியவில்லை. 2011 ஜூனில் மயாமி ஹீட்டை நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று டலஸ் முதன்முறையாகக் கிண்ணம் தூக்கியது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க லீக்கின் சம்பள விதிகள் மாறின. எல்லைக்கு மேல் செலவழிக்கும் அணிகள் கூடுதலாக வரி கட்ட வேண்டிய நிலை. டலஸ் சான்ட்லருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்க மறுத்தது. அடுத்த கோடையில் கையில் இடம் வைத்திருந்தால் பெரிய நட்சத்திரம் ஒருவரைப் பிடிக்கலாம் என்பது திட்டம். சான்ட்லர் நாலு வருஷத்துக்குச் சுமார் 58 மில்லியன் டொலருக்கு நியூயோர்க் நிக்ஸுக்குப் போனார். போன முதல் பருவத்திலேயே அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். டலஸ் அந்தப் பருவத்தின் முதல் சுற்றிலேயே ஒக்லஹோமா சிட்டியிடம் ஓர் ஆட்டமும் வெல்லாமல் நாலுக்குப் பூச்சியமென்று வெளியேறியது. எதிர்பார்த்த நட்சத்திரம் டெரன் வில்லியம்ஸ் வரவில்லை. பிளேஓஃப்பில் அந்த அணி மறுபடி ஒரு சுற்றை வெல்ல 2022 வரை ஆயிற்று.

இதைக் கேட்டவுடன் "பார்த்தீங்களா, சென்டரை விட்டதால் வந்த வினை" என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிப் படிப்பதில்லை. சான்ட்லரோடு வேறு சிலரும் போனார்கள், அணியின் நட்சத்திரம் நொவிட்ஸ்கிக்கும் வயது முப்பத்துமூன்று ஆகியிருந்தது. என் கணக்கில் டலஸ் செய்த பெரிய பிழை ஒரு வருஷம் முந்தியது. ஹேவுட்டுக்கு ஆறு வருஷம் எழுதிக் கொடுத்தார்களே, அதுதான். நடுத்தரமான ஒருவரை அவசரப்பட்டு நீண்ட காலத்துக்குக் கட்டிப்போட்டதால், உண்மையில் தேவையான ஆள் கையில் வந்தபோது இடமில்லாமல் போயிற்று. 2012 ஜூலையில் ஹேவுட்டையும் விடுவித்தார்கள், மிச்சப் பணத்தின் பெரும்பங்கைத் தாங்களே சுமந்துகொண்டு.

நமது கழகங்களில் இது வேறு உருவத்தில் நடக்கும். ஒரு நல்ல பருவம் ஆடியவருக்குக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு "நீ இருக்கிற வரைக்கும் உன் பஸ் காசு, சப்பாத்து எல்லாம் கழகப் பொறுப்பு" என்று தலைவர் வாக்குக் கொடுத்துவிடுவார். மூன்று வருஷம் கழித்து அவர் பெஞ்சில் இருப்பார், வாக்கு மட்டும் மைதானத்தில் இருக்கும். ஆகவே முதல் விதி: எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு பருவம்தான் எழுதுங்கள். நீட்டிப்பதற்கு எப்போதும் நேரமிருக்கும். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்குவதற்கு நேரமே இருக்காது.

கொப்பியும் பென்சிலும்

சென்டர் எவ்வளவு புள்ளி எடுத்தார் என்பதை ஊரே சொல்லும். அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது அணிக்கு என்ன ஆனது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் எழுத வேண்டியது அதைத்தான்.

ஒரு கொப்பியை ஒருவரிடம் கொடுங்கள். ஆடாதவராக இருக்க வேண்டும், கத்தாதவராக இருந்தால் இன்னும் நல்லது. சென்டர் மைதானத்துக்குள் இறங்கும்போது புள்ளிநிலை என்ன, வெளியே வரும்போது என்ன என்று மட்டும் அவர் குறித்துக்கொண்டே போக வேண்டும். நாற்பது நிமிட ஆட்டத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி வரும். அவ்வளவுதான் வேலை.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சென்டர் 28 நிமிடம் ஆடினார், அந்த நேரத்தில் நம்மவர்கள் 41, எதிரணி 35. அவர் வெளியே இருந்த 12 நிமிடத்தில் நம்மவர்கள் 9, எதிரணி 20. ஆட்டம் 50க்கு 55 என்று தோல்வி. கூட்டத்தில் "சென்டர் இருந்தும் தோற்றோம்" என்பார்கள். கொப்பி வேறு கதை சொல்கிறது: அவர் இருந்தபோது ஆறு புள்ளி முன்னே, இல்லாதபோது பதினொன்று பின்னே. இன்னோர் ஆட்டத்தில் அவர் இருந்த 28 நிமிடத்தில் 40க்கு 41, இல்லாத 12 நிமிடத்தில் 14க்கு 12. 54க்கு 53 என்று வெற்றி. அன்றைக்கு அவரே பதினெட்டுப் புள்ளி எடுத்திருக்கலாம், ஊர் தோளில் தூக்கியிருக்கலாம். ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றியது மாற்று ஆட்டக்காரர்கள்.

ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். எட்டுப் பத்து ஆட்டங்களின் கூட்டுத்தொகை வந்த பிறகுதான் பேச்சுக்கு எடுக்கலாம். அப்போதும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நம் சென்டர் உட்காரும் நேரத்திலேயே எதிரணியும் தன் மாற்று ஆட்களை இறக்கியிருக்கக்கூடும், அப்படியானால் ஒப்பீடு பலவீனமானது. மற்றது, நம் நல்ல பந்து கடத்துகிறவர் எப்போதும் சென்டரோடு சேர்ந்தே உள்ளே போய் வெளியே வருகிறாரா என்பது. அப்படியிருந்தால் கிடைத்த பெயர் யாருடையது என்று பிரிப்பது கடினம். பயிற்சி ஆட்டங்களில் இருவரையும் தனித்தனியாக இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே கொப்பியில் ஃபவுல்களையும் நேரத்தோடு குறியுங்கள். சர்வதேச விதிப்படி ஐந்தாவது ஃபவுலோடு ஆள் வெளியே. மூன்றாவது ஃபவுல் இடைவேளைக்கு முன்னரே விழுகிற சென்டரைப் பயிற்சியாளர் பயந்து உட்காரவைப்பார். காகிதத்தில் 28 நிமிடம் ஆடக்கூடியவர் உண்மையில் பதினெட்டு நிமிடத்துக்குத்தான் கிடைக்கிறார் என்றால், நீங்கள் பதிவு செய்வது அந்தப் பதினெட்டு நிமிட ஆட்டக்காரரைத்தான்.

வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து தனியாக ஒரு பக்கம் பெறும். தாக்குதலில் அந்தப் பந்தை எடுத்தால் கடிகாரம் மறுபடி 14 வினாடிக்குப் போகிறது, இன்னொரு முயற்சி இலவசமாகக் கிடைக்கிறது. நம் சென்டர் எடுத்ததை மட்டும் எண்ணாமல், அவர் ஆளைத் தடுத்து நின்றதால் நம்மில் வேறொருவர் எடுத்ததையும் எண்ணச் சொல்லுங்கள். சில சென்டர்கள் பந்தையே தொடாமல் அணிக்குப் பந்தை வாங்கிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர் பெயர் பரிசளிப்பில் வாசிக்கப்படாது. விட்டுவிட்டால் அடுத்த வருஷம்தான் தெரியும்.

உயரம் எதைத் தரும், எதைத் தராது

நம் நாட்டில் இதற்கு வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் இருந்து வந்த இவரின் உயரம் 2.08 மீற்றர். வலைப்பந்து வளையமும் கூடைப்பந்து வளையத்தைப் போலவே 3.05 மீற்றரில்தான் இருக்கிறது. பந்தை வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தில் பிடித்த பந்தை அந்தத் தூரத்தில் நின்று யாரால் தட்ட முடியும்? 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். பின்னர் நாற்பதை எட்டும் வயதில் 2018இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்திலும் ஆடினார். அதில் இலங்கை சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றது.

அடுத்த வருஷம் லிவர்பூலில் உலகக் கிண்ணம். அந்தப் போட்டியிலேயே அதிகமாக, 348 கோல் போட்டவர் தர்ஜினி. இலங்கை வந்த இடம் 16 அணிகளில் 15.

இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். போட்டியிலேயே சிறந்த கோல் கணக்கு ஓர் அணியிடம் இருக்கிறது, அந்த அணி கடைசிக்கு ஓர் இடம் முன்னால் நிற்கிறது. குறை அவரிடம் இல்லை. பந்து அவர் கைக்கு வந்துசேர்ந்தால் கோல். நடுமைதானத்தில் பந்து பறிபோனால், மறுமுனையில் எதிரணி சூட்டரைத் தடுக்க ஆளில்லாவிட்டால், 2.08 மீற்றர் என்ன செய்யும்? ஆசியாவுக்குள் அந்த உயரமே ஆட்டத்தை முடித்துவைத்தது. அவுஸ்திரேலியா போன்ற அணிகள் எதிரே நின்றபோது மற்ற ஆறு இடங்களும் பேச ஆரம்பித்தன.

உங்கள் கழகத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு கேள்வி உண்டு. நீங்கள் ஆடப்போகும் போட்டி எது? பிரதேச செயலகப் பிரிவு மட்டப் போட்டிதான் இலக்கு என்றால் உயரமான ஒருவரே கிண்ணத்தைக் கொண்டுவரலாம், அவரை எப்பாடு பட்டாவது வைத்திருங்கள். மாவட்டத்தைத் தாண்டி மாகாண மட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் அதே காசு அவருக்குப் பந்து கொடுப்பவருக்குப் போக வேண்டியிருக்கலாம். இரண்டாவது கேள்வி: அவர் போனால் அந்த இடத்தில் நிற்பது யார்? இலங்கை அணி நாற்பதை எட்டும் வயதில் ஒருவரைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் பழைய பாசம் மட்டும் இல்லை. அவருக்கு அடுத்து நிற்பவருக்கும் அவருக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. வயது கூடினால் விட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒருவரின் மதிப்பு, அடுத்து நிற்பவரோடு ஒப்பிடும்போதுதான் தெரியும்.

விலை என்பது காசு மட்டும் இல்லை

கழகம் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை என்பதால் செலவே இல்லை என்று நினைக்கிறோம். உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நகரத்துக் கோர்ட்டில் மாலைப் பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் தோட்டத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒரு பருவத்துச் செலவில் பல நேரம் பெரிய தொகை அந்த ஆட்டோ கூலிதான். பெரிய அளவுச் சப்பாத்து எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூட. போட்டிக்காக வேலை நாள் போனால் அன்றைய பேரும் (வேலைப்பதிவும்) போகும், காசும் போகும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. தொகை பின்னர் மாறினாலும் கணக்கின் வழி மாறாது: ஒரு பருவத்தில் எத்தனை பேர் நாள் போகிறது, அதை யார் ஈடு செய்கிறார்கள்? கழகம் ஈடு செய்யாவிட்டால் அவருடைய அம்மா ஈடு செய்கிறார் என்று அர்த்தம்.

வேலை வகையையும் பாருங்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் றப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் விடியலில் இறங்கினால் மதியத்தோடு ஓய்வு, மாலைப் பயிற்சிக்குத் தாராளமாக வரலாம். ஆனால் உடம்பு அதிகாலையிலிருந்தே மேடு பள்ளம் ஏறியிறங்கியிருக்கும். தேயிலை மலையிலும் தொழிற்சாலையிலும் நிற்கிறவர்களுக்கு மாலை நாலரை ஆகிவிடும், நகரத்துக்கு வந்துசேரும்போது கோர்ட்டில் வெளிச்சம் இருக்காது. பயிற்சி நேரத்தை மாற்றாமல் "அவன் பயிற்சிக்கு வாறதில்லை" என்று குறைசொல்லி ஆளை விடுவது நியாயமில்லை.

அதோடு மழை. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். நமது கோர்ட்டுகள் பெரும்பாலும் திறந்தவெளிச் சீமெந்துத் தரை. குதித்து இறங்குவதே சென்டரின் தொழில், சீமெந்து அந்த அடியை முழங்காலுக்கே திருப்பிக் கொடுக்கும். நனைந்த சீமெந்து அதைவிட மோசம். ஆகவே போன வருஷம் எப்படி ஆடினார் என்பதோடு, எத்தனை பயிற்சிக்கு முழங்காலில் துணி கட்டிக்கொண்டு வந்தார் என்பதையும் கேளுங்கள். படியில் இறங்கும்போது பக்கவாட்டாக இறங்குகிறாரா என்று பாருங்கள். வைத்தியரிடம் காட்டாமல் முழங்கால் விஷயத்தில் கமிட்டியே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இந்த இடத்தில் நிக்ஸ் அணியின் இன்னொரு கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜோகிம் நோவா 2014இல் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2015–16 பருவத்தில் தோள் உபாதையால் சிகாகோவுக்கு 29 ஆட்டம்தான் ஆடினார். சிகாகோ அவரைப் போகவிட்டது. நியூயோர்க் 31 வயதில் நாலு வருஷத்துக்கு 72 மில்லியன் டொலர் கொடுத்து எடுத்தது. முதல் பருவத்தில் 46 ஆட்டம், இரண்டாவதில் 7, மூன்றாவது தொடங்குமுன் விடுவித்துவிட்டார்கள். 2014இன் விருதுக்கு 2016இல் காசு கொடுத்தால் இப்படித்தான் முடியும். பழைய பருவத்துக்குக் கழகம் கடன்பட்டிருந்தால் அந்தக் கடனைக் கேடயமாக, பொன்னாடையாக, ஒரு சாப்பாட்டுப் பந்தியாகத் தாராளமாகத் தீருங்கள். அடுத்த பருவத்தின் பதிவுப் புத்தகத்தில் தீர்க்காதீர்கள்.

வயது எல்லை ஒன்றையும் மறக்க வேண்டாம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் வரும் இளைஞர் கழகங்களில் 29 வயது வரைதான். உங்கள் கழகம் முக்கியமாக இளைஞர் விளையாட்டு விழாவுக்குத்தான் போகிறது, சென்டருக்கு 28 நடக்கிறது என்றால், அவரை வைத்திருந்தாலும் அது ஒரு வருஷத்து ஏற்பாடு. அந்த வருஷம் முழுக்க அவருக்குப் பக்கத்திலேயே பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றை நிறுத்திப் பழக்காவிட்டால், 29 முடிந்த அன்று கழகத்துக்கும் முடிந்தது.

விடுவதும் நல்ல முடிவாகலாம்

2024இல் நியூயோர்க்கின் சென்டர் ஐசாயா ஹார்டென்ஸ்டைனின் ஒப்பந்தம் முடிந்தது. விதிப்படி அந்த அணியால் நாலு வருஷத்துக்குச் சுமார் 72.5 மில்லியனுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. ஒக்லஹோமா சிட்டி மூன்று வருஷத்துக்கு 87 மில்லியன் கொடுத்தது, அவர் போனார், அடுத்த வருஷமே அங்கே கிண்ணம் வென்றார். நியூயோர்க் அழுதுகொண்டிருக்கவில்லை. கார்ல்-அந்தோனி டவுன்ஸைப் பரிமாற்றத்தில் எடுத்து, 2000க்குப் பிறகு முதன்முறையாகக் கிழக்குப் பிரிவின் இறுதிக்கு வந்தது. போனவரும் கெடவில்லை, விட்டவரும் கெடவில்லை. எட்டாத விலைக்குப் பின்னால் ஓடாமல் உடனே அடுத்த வேலையைப் பார்த்ததுதான் அதன் இரகசியம்.

நமக்கு எட்டாத விலை என்பது கொழும்பு. வர்த்தக நிறுவன அணிகள், இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாம் உயரமான பிள்ளையைக் கண்டால் வேலையோடு கூப்பிடும். தமிழ்நாட்டில் இந்த வழக்கம் இன்னும் உறுதியானது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தே அணி கட்டுகின்றன. அங்கே வருஷா வருஷம் பதிவு செய்யும் கேள்வியே குறைவு, ஒரு தடவை எடுத்தால் ஓய்வூதியம் வரை அவர் அந்த நிறுவனத்து ஆள். அப்படி ஒரு கடிதம் நம் பிள்ளைக்கு வந்தால் கழகம் போட்டிக்கு நிற்கக் கூடாது. லயத்துக் காம்பராவில் இருந்து மாதச் சம்பளத்துக்கும் சேமலாப நிதிக்கும் போகிற ஒருவரை "கிண்ணம் எடுத்துட்டுப் போ" என்று மறிக்கிற கமிட்டிக்கு அடுத்த வருஷம் எந்த வீட்டிலிருந்தும் பிள்ளை வராது.

ஆனால் கடிதம் இன்னும் வரவில்லை, "சொல்லியிருக்கிறார்கள்" என்ற நிலையில் இருந்தால்? அப்போது கழகம் கொடுக்கக்கூடியவை சில உண்டு. போட்டிச் சான்றிதழ்களை ஒழுங்காக எடுத்துக் கொடுப்பது, பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தர் மூலம் மாகாணத் தெரிவுக்குப் பெயரை அனுப்புவது, நேர்முகத் தேர்வு நாளில் ஆட்டம் வைக்காமல் இருப்பது. காசில்லாத கழகத்தின் பெறுமதி இதில்தான் இருக்கிறது.

பேச்சு, பிறகு காகிதம்

முடிவைப் பொதுக்கூட்டத்தில் எடுக்காதீர்கள். பயிற்சியாளர், பொருளாளர், கொப்பி வைத்திருந்தவர் ஆகிய மூவர் போதும். சொந்தக்காரர் எழுந்து வெளியே போக வேண்டும் என்று விதி வைத்தால் தோட்டத்தில் அறையே காலியாகிவிடும், எல்லோரும் மாமன் மச்சான்தான். ஆகவே குறைந்தது அந்த மூவரில் இருவராவது சென்டர் இருக்கும் கணக்கை (தோட்டப் பிரிவை) சேராதவராக இருக்கட்டும். மேல்கணக்குப் பையன், கீழ்கணக்குப் பையன் என்ற பேச்சு கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் கொப்பியை யாரும் திறக்கமாட்டார்கள்.

அவரிடம் பேசப் போகிறவர் ஒருவராகவே போக வேண்டும், முடிவைச் சொல்லும் முன் கேட்க வேண்டும்.

"தம்பி, வாற வருசத்துக்கு ஒனக்கு என்னா யோசன?"

"கொழும்புல ஒரு வேல சொல்லியிருக்காங்கண்ணே. இன்னும் காயிதம் வரல்ல."

"எப்ப வரும்னு நெனைக்கிற?"

"தை மாசம் முடியக்குள்ள தெரியும்ணே. ஆனா முட்டு ரெண்டும் நோவுது. அதையும் சொல்லணும்."

இந்த நாலு வரியில் கமிட்டிக்குத் தேவையானது பாதி வந்துவிட்டது: காத்திருக்க வேண்டிய காலம், வைத்தியரிடம் காட்ட வேண்டிய முழங்கால். நீங்கள் முதலில் வாயைத் திறந்து "உன்னை எடுத்துட்டோம்" என்றிருந்தால் முழங்காலைப் பற்றி அவர் சொல்லியிருக்கமாட்டார்.

வைத்திருப்பது என்று முடிவானால் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பருவம், எந்தத் திகதியில் முடிகிறது. பஸ் காசு எவ்வளவு, எந்த நாளில் கையில் கிடைக்கும். போட்டிக்குப் போன பேர் நாளுக்குக் கழகம் எவ்வளவு கொடுக்கும். ஆட்டத்தில் அடிபட்டால் மருந்துச் செலவு யாருடையது. இந்தக் கடைசி வரியை எழுதாத கழகங்கள்தான் அதிகம், சண்டை வருவதும் அதில்தான். வேலை வந்தால் எத்தனை நாள் முன்னறிவித்தல் போதும் என்பதையும் சேருங்கள், இரண்டு வாரம் தாராளம். துரையிடம் சொல்லி லீவு வாங்கித் தருவோம், காம்பராக் கூரையை மாற்றித் தருவோம் என்று கமிட்டியின் கையில் இல்லாத எதையும் அந்தக் காகிதத்தில் ஏற்றாதீர்கள். அவரிடம் ஒரு பிரதி, பொருளாளரிடம் ஒரு பிரதி.

விடுவது என்று முடிவானால் அதைச் சீக்கிரம் சொல்லுங்கள், பதிவு முடியும் திகதிக்கு முன். பெரிய குறை சொல்ல வேண்டியதில்லை. இந்த வருஷம் அந்த இடத்தை இன்னாருக்குக் கொடுக்கிறோம், நீங்கள் வேறு கழகத்தில் ஆட எங்களுக்குத் தடையில்லை என்று இரண்டு வரி. விடுவிப்புக் கடிதத்தை அந்த வாரமே எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டுக் கையில் கொடுங்கள். "ஜேர்சியைத் திருப்பிக் கொடு, கடிதம் தாறோம்" என்று இழுத்தடிப்பதால் ஒரு ஜேர்சி திரும்பி வரலாம். எதிரணியில் சேர்ந்த அந்தச் சென்டர் அடுத்த பருவத்தில் உங்கள் வளையத்துக்குக் கீழே கூடுதல் கோபத்தோடு நிற்பார், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.